வெரோனா பேசாத குளிர்காலம்

வெரோனா ஹூடாக்கின் கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது துவைக்கும் இயந்திரங்களின் சத்தம் அல்ல, அவருடைய குரல்தான்.

"யாருப்பா அது, ஒரு மெஷினுக்குள்ள குதிரையைத் திணிக்கிறது? பாதியை எடுத்து அடுத்ததுல போடு. காசு மிச்சம் பிடிக்கிறேன்னு அழுக்கை வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோகப் போற!"

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் ஹார்பர் தெரு முனையில், முடிதிருத்தும் கடையை ஒட்டி இருந்தது அந்தக் கடை. ஒரு சுவரில் காசு போட்டால் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ச்சுவரில் துணி உலர்த்தும் டிரையர்கள், நடுவில் துணி மடிக்கும் நீண்ட மேஜை. வீட்டில் இயந்திரம் இல்லாதவர்கள் வருவார்கள். வீட்டில் பேச ஆள் இல்லாதவர்களும் வருவார்கள். இரண்டாவது வகைக்கு வெரோனாவே போதும். மீன்பிடிக்கப் போகிறவனிடம் ஏரியைப் பற்றிப் பேசுவார், கல்யாணம் நின்றுபோன பெண்ணிடம் தலையணை உறையைப் பற்றிப் பேசுவார். அவள் அழுதுவிட்டு லேசாகி வீட்டுக்குப் போவாள்.

நான் அங்கே துணி மடிக்கும் வேலையில் இருந்தேன். வெரோனா பேச, நான் மடிக்க, எங்களுக்குள் எந்தச் சிக்கலும் வந்ததில்லை.

அவருடைய அப்பா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து நிலக்கரி இறக்கும் துறையில் வேலை பார்த்தவர். வெரோனா கல்யாணத்துக்கு முன்பே மழைக்கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். அங்கே அவருக்குப் பக்கத்துத் தையல் இயந்திரம் ஐலி ரவுத்தியோவுடையது. ஐலி ஃபின்லாந்துக்காரர் வீட்டுப் பெண். உயரம், மெலிவு, வெடுக்கென்ற நாக்கு. வேலை நேரத்தில் பேசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பேசினால் மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். இயந்திரங்களின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. அதனால் இருவரும் கேள்வியை உதட்டசைவில் கேட்டு, பதிலைக் கத்தரிக்கோல் பிடியால் மேஜையில் தட்டிக்கொள்வார்களாம். அந்த அதிர்வு பலகை வழியாகப் பக்கத்து மேஜைக்குப் போகுமாம். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. மூன்று தட்டினால் மேற்பார்வையாளர் வருகிறார், தலையைக் குனி.

"ஒரு வருஷம் முழுக்கத் தட்டியே பேசியிருக்கோம். ஸ்டீஃபனைக் கட்டிக்கலாமான்னு அவகிட்டதான் கேட்டேன். ஒரு தட்டு தட்டினா" என்பார் வெரோனா.

"நான் நூல் இருக்கான்னு கேட்டியோன்னு நினைச்சேன்" என்பார் ஐலி.

தொழிற்சாலை மூடியபோது வெரோனாவும் ஸ்டீஃபனும் இந்தக் கடையை வாங்கினார்கள். ஸ்டீஃபன் இதயம் நின்று போய்ச் சேர்ந்த பிறகு வெரோனா தனியாக நடத்தினார். ஐலி வியாழக்கிழமை தவறாமல் துணிப்பையோடு, வயதானவர்களை ஏற்றிச்செல்லும் முதியோர் வேனில் வந்து இறங்குவார். அவர் குடியிருந்த முதியோர் கட்டிடத்தின் நிலவறையிலேயே இயந்திரம் உண்டு. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை.

எங்கள் ஊரில் ஏரிக்காற்று கிளம்பினால் பனி ஒரே இரவில் கார்களை மூடிவிடும். கடைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கட்சி விடிவதற்குள் மண்வாரியோடு வெளியே நிற்கும். இன்னொரு கட்சிக்குத் தலைவர் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் டொமினிக் ஃபுஸ்கோ. அவர் தன் வாசலில் ஒரு கை பனியைக்கூட அள்ளியதில்லை. சோம்பேறி என்று சொன்னால் கோபம் வரும்.

"ஒஹையோ மாநிலச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? வானத்துலேர்ந்து விழுந்த பனிக்கு யாரும் பொறுப்பில்ல. அது கடவுள் வேலை. நீ கையை வெச்சு அள்ளி, ஒரு பக்கம் குவிச்சு, அது உருகி, உறைஞ்சு, ஒருத்தன் வழுக்கி விழுந்தான்னு வெச்சுக்கோ, அந்த ஐஸ் உன்னோடது. கேஸ் உன்மேல. நான் கையே வைக்கிறதில்ல" என்பார்.

"உன் கடைக்கு வர்றவன் முடி வெட்டிக்க வர்றானா, மலை ஏற வர்றானா?" என்று கேட்பார் வெரோனா.

சட்டத்தைப் பொறுத்தவரை டொமினிக் சொன்னது சரிதான். பிறகு தெரிந்துகொண்டோம்.

டிரையர்களின் சூடான காற்று ஆரம்பத்தில் பின்சந்துப் பக்கம் தகரக்குழாய் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சந்துப் பூனைகளெல்லாம் குளிர்காலம் முழுக்க அங்கேதான் படுத்துக் கிடக்கும். முதியோர் வேன் கடையின் பக்கவாட்டில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வந்து நிற்கும். ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், கொஞ்சம் பார்ப்பார், ஆள் இல்லையென்றால் போய்விடுவார். அந்தப் பயத்தில் வயதான பெண்கள் துணிப்பையோடு முன்கூட்டியே வெளியே போய் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் ஐலி உள்ளே வந்து, மூட்டுவலியில் வளைந்துபோன தன் விரல்களை வெரோனாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைப் பாரு. இறால் மாதிரி சுருண்டு போச்சு. அவ்வளவு சூடான காத்தையும் பூனைக்கு ஊதிவிடுற, எனக்கு ஊதினா உன் சொத்து போயிடுமா?"

அடுத்த வாரமே வெரோனா தகர வேலைக்காரரைக் கூப்பிட்டுக் குழாயை வளைத்து, பக்கவாட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் திறக்கும்படி செய்தார். அதன் எதிரே, மூடிப்போன பௌலிங் விளையாட்டரங்கிலிருந்து வாங்கிய ஒரு நீண்ட பெஞ்சு. உட்கார்ந்தால் சோப்பு மணத்தோடு வெதுவெதுப்பான காற்று பாவாடை ஓரத்தைத் தூக்கி விளையாடும். எங்கள் ஊரில் வசதி உள்ளவர்கள் குளிர்காலத்துக்கு, வெயிலும் கடற்கரையும் உள்ள ஃப்ளோரிடா போய்விடுவார்கள். இந்தப் பெண்கள் அந்தப் பெஞ்சுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

"எங்கே கிளம்பிட்ட?"

"வேன் வர்ற வரைக்கும் ஃப்ளோரிடா போயிட்டு வரேன்."

ஆனால் அந்தக் காற்று பெஞ்சைச் சுற்றியிருந்த பனியையும் உருக்கியது. உருகிய தண்ணீர் சரிவில் மெல்லிய கோடாக ஓடி, வேன் நிற்கும் இடத்தில் தேங்கி, வெயில் இறங்கியதும் உறையும். கறுப்புத் தார் தரைமேல் அது கண்ணுக்கே தெரியாது. வெரோனா அதை முதல் நாளே பார்த்துவிட்டார். ஐஸ் பிடிக்காமல் இருக்கக் கதவோரம் ஒரு வாளி உப்பு வைத்தார். உள்ளே வெளியே போகும்போதெல்லாம் ஒரு கை அள்ளி வீசுவார். "ஃப்ளோரிடாவுக்கு மணல் வேண்டாமா?" என்பார். நானும் வீசுவேன். ஒரு குளிர்காலம் அப்படியே ஓடிவிட்டது.

இரண்டாம் குளிர்காலத்தில், ஜனவரி முடிகிற ஒரு வியாழக்கிழமை. பகல் முழுக்க நல்ல வெயில். மாலையில் ஏரிப்பக்கமிருந்து காற்று திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு மீன்பிடிப்பவர் தன் ஸ்லீப்பிங் பேக்கை முழுதாக ஒரு இயந்திரத்தில் திணித்து, அது கதவு வழியாக நுரை கக்க ஆரம்பித்தது. நானும் வெரோனாவும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வெளியே வேன் ஹாரன் அடித்தது. நான் நிமிர்ந்து பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஐலியின் சிவப்புத் தொப்பி பெஞ்சிலிருந்து எழுந்தது, நகர்ந்தது, சட்டென்று காணாமல் போனது.

வெரோனா கோட்டுகூடப் போடாமல் ஓடினார். நான் போய்ச் சேர்வதற்குள் ஐஸ்மேல் உட்கார்ந்து ஐலியின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"நோரீன், டிரையர்ல இருக்கிற துண்டு எல்லாம் எடுத்துட்டு வா! யாரோடதா இருந்தாலும் பரவாயில்ல!"

சூடான துண்டுகளை ஐலிமேல் போர்த்தினோம். அவர் முகம் தாள்போல வெளுத்திருந்தது. வெரோனா அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். "என் தப்பு. உப்புப் போடல. என் தப்புடி ஐலி."

"வாயை மூடு. என் பை எங்கே பாரு. துவைச்ச துணி நனையுது" என்றார் ஐலி.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

அடுத்த சில நாட்களில் கடைக்கு இன்சூரன்ஸ் தந்த நிறுவனத்திலிருந்து ஹாலிஸ் என்பவர் வந்தார். காலணிக்கு மேல் ரப்பர் உறை போட்டிருந்தார். அப்படியும் வண்டியிலிருந்து இறங்கியதும் வழுக்கி வெரோனாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் விழல" என்றார் உடனே.

மோசமான மனிதர் இல்லை. குழாயைப் படம் எடுத்தார், பெஞ்சைப் படம் எடுத்தார், பெஞ்சைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். பிறகு மடிக்கும் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மிஸஸ் ஹூடாக், விழுந்தவங்ககிட்ட அந்த நேரத்துல ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"என் தப்புன்னு சொன்னேன்."

ஹாலிஸ் கண்ணை மூடித் திறந்தார். "எத்தனை தடவை?"

"மூச்சு இருக்கிற வரைக்கும்."

"சரி. இனிமே சொல்லாதீங்க. வானத்துப் பனின்னா பிரச்சினையே இல்ல. ஆனா இது உங்க குழாய் உண்டாக்கின ஐஸ். அவங்க வக்கீல் வைக்கலாம். அதனால இது முடியற வரைக்கும் மன்னிப்பு கேட்க வேண்டாம், பூ அனுப்ப வேண்டாம், போய்ப் பார்க்க வேண்டாம். அவங்ககூட ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். நீங்க பேசினா எதிர்த்தரப்பு அதைப் பிடிச்சுக்கும். அப்புறம் கடையைக் காப்பாத்தறது கஷ்டம்."

"எதிர்த்தரப்பா? யாரு?"

"மிஸஸ் ரவுத்தியோ."

வெரோனா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த காலுறையைப் பார்த்தேன்.

"வாரா வாரம் அவ துணி இங்கதான் வரும். அதைத் துவைக்கலாமா?" என்று கேட்டார் வெரோனா, பள்ளிக்கூடப் பெண் அனுமதி கேட்பதுபோல.

ஹாலிஸ் யோசித்தார். "அது உங்க வழக்கமான தொழில்தானே. துவைக்கலாம். பேசக்கூடாது. நீங்களும்தான்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அவர் போன பிறகு டொமினிக் கத்தரியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். வெரோனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி இருக்கா?" என்று கேட்டார்.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டே வெரோனா சொன்னார். "அவளுக்குச் சூடு குடுக்கத்தானே செஞ்சேன், நோரீன். அது ஐஸ் செஞ்சிருக்கு."

வெரோனா சொன்ன சொல் தவறாதவர். பேசாதே என்றால் பேசக்கூடாதுதான். மற்றவர்களோடு பேசினார், ஆனால் ரேடியோவின் ஒலியைக் குறைத்துவிட்டதுபோல இருந்தது. குதிரையைத் திணிக்கிறவர்களைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. ஐலி மருத்துவமனையிலும், பிறகு நடக்கப் பழக்கும் விடுதியிலும் இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பினார். அவர் துணியை வாங்கிவருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. வெரோனா அந்தத் துணியை யாரையும் தொடவிட மாட்டார். நான் வண்டியைக் கிளப்பும் வரை அதை டிரையரில் சுழலவிட்டு, கடைசி நொடியில் எடுத்து, கம்பளியில் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி என் கையில் கொடுப்பார்.

"நேராப் போ. வழியில எங்கேயும் நிக்காதே, ஆறிடும்."

முதல் தடவை போனபோது ஐலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிடித்து நடக்கும் நடைச்சட்டம். கம்பளியைப் பிரித்ததும் கையைத் துண்டுகளுக்கு நடுவே விட்டார். அந்த வளைந்த விரல்கள் உள்ளே போய் அப்படியே நின்றன.

"இன்னும் சூடா இருக்கே."

நான் தலையசைத்தேன்.

"யாரு குடுத்துவிட்டது?"

"கடையிலேர்ந்து" என்றேன்.

"கடையா? கடைக்கு வாய் இல்லையா? இடுப்பு எனக்குத்தானே உடைஞ்சுது, அவளுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? சூடா துணி அனுப்பத் தெரியுது. ஒரு வார்த்தை அனுப்பத் தெரியல."

நான் காலி கம்பளியை மடித்தேன். அவருடைய மகள் பெவர்லி சமையலறையில் இருந்தாள். எரீ நகரிலிருந்து விடுமுறை எடுத்து வந்திருந்தாள், அது முடியும் தறுவாயில் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மா, வெரோனா வரமாட்டாங்க. தப்பு அவங்க பக்கம், அதான் பயம். நாம வக்கீலைப் பார்த்துடலாம். நான் போயிட்டா உன்னை யாரு குளிப்பாட்டுவா? ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் பார்த்துக்கும், வீட்டுக்கு வர்ற ஆளுக்கு யாரு குடுப்பா? நட்பு வந்து உன் முதுகு தேய்க்குமா?"

பெவர்லியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கடைக்குத் திரும்பினால் வெரோனா கதவருகேயே நிற்பார். கடையைப் பற்றி, கேஸைப் பற்றி, அவர் என்னிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்பது ஒன்றுதான். "என்னைப் பத்தி என்ன சொன்னா?"

சூடாக இருந்தது என்று சொன்னாங்க என்பேன். மீதியைச் சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு என் முகம் தெரியும்.

"அவ என்னை விட்டுடுவா, நோரீன். ஒரு தடவை விட்டான்னா ஐலி திரும்பிப் பார்க்கமாட்டா. அவ சொந்த அண்ணனோட சாகிற வரைக்கும் பேசல" என்றார் ஒருநாள். அவர் சொன்னது பயந்து சொன்னதாகத் தோன்றவில்லை. நடந்து முடிந்துவிட்ட ஒன்றைச் சொல்வதுபோல இருந்தது.

அந்த நாட்களில் விடியற்காலையில் யாரோ வேன் நிற்கும் இடத்தைச் சுரண்டி உப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். முடிதிருத்தும் கடை வாசலில் பனி வழக்கம்போல முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது, அதில் ஒரு ஜோடி காலடித்தடம் எங்கள் பக்கம் வந்து திரும்பியிருந்தது.

மார்ச் தொடக்கத்தில், கடையில் கூட்டம் இல்லாத ஒரு மதியம், சுவர்த் தொலைபேசி அடித்தது. வெரோனா எடுத்தார். "ஹூடாக் சலவைக் கடை" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மறுமுனையிலிருந்து குரல் வந்தது. தொழிற்சாலை இரைச்சலுக்குப் பழகிப்போன ஐலி எப்போதும் கத்தித்தான் பேசுவார். மடிக்கும் மேஜை வரை கேட்டது.

"ஹலோ! வெரோனாவா?"

வெரோனா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீதான்னு தெரியும். டிரையர் சத்தம் கேட்குது. யாரோ சட்டையில பித்தளைப் பொத்தான் இருக்கு, டிங் டிங்குன்னு அடிக்குது. பேசு."

வெரோனா பேசவில்லை. வைத்துவிடவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"செத்துட்டியா?"

டிரையர் சுழன்றது. பொத்தான் இரண்டு முறை அடித்தது.

"பெவர்லி வக்கீல் நம்பர் எழுதி மேஜைமேல வெச்சிட்டுப் போயிருக்கா. அவனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி உன்னைக் கூப்பிட்டேன். ரெண்டு திட்டு திட்டிட்டு அப்புறம் அவனைக் கூப்பிடலாம்னு. நீ என்னடான்னா..." குரல் நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. "வெரோனா, நீ தூக்கத்துல பேசுறவ. ஸ்டீஃபன் சொல்லியிருக்கான். பல் டாக்டர் வாயில கையை விட்டப்பகூடப் பேசினவ நீ. நோரீன் பேசாம இருந்தா எனக்கு ஒண்ணும் தோணாது, அவ அப்படித்தான். நீ பேசாம இருக்கேன்னா, உன்னை யாரோ பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

வெரோனாவின் கண்களிலிருந்து நீர் வழிந்து, வாயைப் பொத்திய கையின்மேல் இறங்கியது.

"மேற்பார்வையாளரா?" என்றார் ஐலி.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. வெரோனாவுக்குப் புரிந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜைமேல் நூல் வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. தொலைபேசிக் கம்பி எட்டவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். பிடியால் சுவரில் ஒரு தட்டு தட்டினார்.

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"இன்சூரன்ஸ்காரனா?"

ஒரு தட்டு.

"பேசாதேன்னு சொன்னான், தட்டாதேன்னு சொல்லலையே?"

இரண்டு தட்டு. வெரோனா அழுதுகொண்டே சிரித்தார்.

"என்மேல கோபமா?"

இரண்டு தட்டு, அவசரமாக, சுவர்ச் சுண்ணாம்பு உதிரும்படி.

"வர்றதுக்கு ஆசையா இருக்கா?"

தட்டு. இன்னொரு தட்டு. 'இல்லை' என்று ஆகிவிடுமே என்று பதறி என்னைப் பார்த்தார். ஐலி அதற்குள் சொல்லிவிட்டார். "ரெண்டு தடவை ஆமான்னு எடுத்துக்கறேன்."

பிறகு ஐலி கத்தாமல் பேச முயன்றார். நான் பக்கத்தில் இருந்ததால்தான் கேட்டது.

"இப்ப நான் சொல்றதை ஒழுங்காக் கேளு. யாரு தப்புன்னு உன்கிட்ட நான் கேட்கமாட்டேன். அதுக்கு நீ தட்டாதே. சுவத்துக்கும் காது இருக்கும். குழாயைத் திருப்புன்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். விரலை நீட்டிக் காமிச்சது நான்தானே. உன்கிட்ட கெஞ்சினா நீ கரைஞ்சுடுவேன்னு தெரிஞ்சு செஞ்சேன்."

வெரோனா கத்தரிக்கோலை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"ஆனா பெவர்லி சொல்றதும் சரிதான். தனியாக் குளிக்க முடியல, வெரோனா. வெட்கமா இருக்கு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. ஒரு ஆள் வேணும். அதனால நான் இன்சூரன்ஸ்ல கேட்கப்போறேன். அது உன்மேல இல்ல, அவங்கமேல. ஆனா காகிதத்துல உன் பேருதான் இருக்குமாம். உன் பேருக்கு எதிரா என் பேரு. அதைப் பார்த்து நீ படுத்துடக்கூடாது. கேட்கட்டுமா?"

வெரோனாவின் பார்வை பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போயிற்று. வெளியே மஞ்சள் நாடா காற்றில் படபடத்தது. குழாய் காலிப் பெஞ்சைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். ஒரே தட்டு. மிக மெதுவாக. அந்தக் காலத்துப் பலகை வழியே போனதுபோல அது போய்ச் சேர்ந்திருக்கும்.

"நல்லது. முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. நீ பேசினா ரெண்டு பேருக்கும் கெடுதல். வியாழக்கிழமை கூப்பிடறேன். துணியைச் சூடா அனுப்பு" என்று வைத்துவிட்டார் ஐலி.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அந்த மதிய நேரத்தில் தொலைபேசி அடிக்கும். ஐலி பேசுவார், வெரோனா தட்டுவார். பணம் வரும் வரை பெவர்லி ஏற்பாடு செய்த உதவிப் பெண் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறாள் என்பார், கட்டிடத்தில் யாருக்கு யார்மேல் கண் என்பார். ஊரிலேயே அதிகம் பேசுகிற வெரோனா கேட்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் பாதிப் பேச்சில் ஹாலிஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வெரோனா சுவரில் டக் டக் டக் என்று மூன்று தட்டித் தொலைபேசியை வைத்தார்.

"சுவத்துல என்ன?" என்றார் ஹாலிஸ்.

"பொந்து எலி" என்றார் வெரோனா. நான் மேஜைக்குக் கீழே குனிந்து இல்லாத காலுறையைத் தேடினேன்.

ஹாலிஸ் அன்று சொன்னது, குழாய் போயாக வேண்டும் என்பதுதான். படங்கள் எடுத்தாகிவிட்டது, இனி அதை அப்படியே வைத்திருந்தால் அடுத்த வருஷம் எந்த நிறுவனமும் இந்தக் கடைக்கு இன்சூரன்ஸ் தராது. தகர வேலைக்காரர் மறுபடி வந்தார். சூடான காற்று பின்சந்துக்கே திரும்பியது. மறுநாளே பூனைகள் வந்துவிட்டன. பெஞ்சை நானும் டொமினிக்கும் உள்ளே தூக்கிவந்து, டிரையர்களுக்கு எதிரே, பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டிப் போட்டோம். அங்கிருந்தே வேன் வருவது தெரியும். ஆனால் ஓட்டுநர் காத்திருக்க வேண்டுமே. வெரோனா அவருடைய மேலதிகாரியிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, நீண்ட நேரம் பேசியிருப்பார். அதன் பிறகு அந்த ஓட்டுநர் இறங்கி வந்து கதவைத் திறந்து, ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்ற ஆரம்பித்தார்.

"வெளியே இருந்த ஃப்ளோரிடாதான் நல்லா இருந்தது. இங்க உட்கார்ந்தா என் உள்பாவாடை சுத்துறது ஊருக்கே தெரியுது" என்று ஒரு கிழவி குறைப்பட்டாள்.

ஏரியில் ஐஸ் உடைந்து, சாலையோரப் பனி கறுத்துச் சுருங்கி, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஹாலிஸின் தொலைபேசி அழைப்பு வந்தது. கோர்ட்டுக்குப் போகாமலே பேசி முடித்தாகிவிட்டது. ஐலிக்கு உதவிப் பெண்ணைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பணம் கிடைத்தது. பெவர்லி எதிர்பார்த்த அளவு இல்லை. கடை கடையாகவே இருக்கும், ஆனால் இன்சூரன்ஸ் கட்டுவது இனி வெரோனாவுக்குக் கையைக் கடிக்கும்.

"முடிஞ்சுதா? அப்ப நான் பேசலாமா?" என்று கேட்டார் வெரோனா.

ஹாலிஸ் என்ன பதில் சொன்னாரோ, வெரோனா தொலைபேசியை வைத்துவிட்டு மேலங்கியைத் தேடினார். அது மாட்டியிருந்த இடத்திலேயே இருந்தும் கண்ணில் படவில்லை. கடையை டொமினிக்கிடம் விட்டோம். "என்ன பண்ணணும்?" என்றார் அவர். "குதிரையைத் திணிக்கவிடாதே" என்றார் வெரோனா.

நான் வண்டி ஓட்டினேன். அவர் மடியில் முந்தின நாள் சுட்ட வால்நட் ரொட்டி, அதன்மேல் கம்பளியில் சுற்றிய துண்டுகள். வழி முழுக்கப் பேசினார். என்னிடம் இல்லை, ஐலியிடம். குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்ததை ஒத்திகை பார்த்தார். "ஐலி, நான் அன்னிக்கு உப்புப் போடாம... இல்ல, இப்படி ஆரம்பிக்கக்கூடாது. ஐலி, உன் இடுப்பு... இல்ல. நோரீன், எப்படி ஆரம்பிக்கிறது?"

"தெரியல" என்றேன்.

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு."

முதியோர் கட்டிடத்தின் தாழ்வாரத்தில் ஐலியின் கதவுக்கு முன்னால் நின்றோம். உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம். வெரோனா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். வண்டியில் கொட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. ரொட்டியையும் துண்டுகளையும் என் கையில் கொடுத்துவிட்டு, விரல் முட்டியால் கதவில் தட்டினார்.

ஒரு தட்டு. அவ்வளவுதான். அதற்குமேல் கை எழவில்லை.

உள்ளே தொலைக்காட்சி நின்றது. நடைச்சட்டம் தரையில் உராயும் சத்தம் கேட்டது.

"ஆமான்னு எனக்குத் தெரியும்டி. கதவு திறந்துதான் இருக்கு, துணி ஆறிடப்போகுது, உள்ள வா" என்றார் ஐலி.